கணிப்பொறிப் பெட்டி குலுக்கையான விதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி மலர் என்றால் அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் எழுதுவது மரபு. ஒருபுறம் கூடங்குளம், மறுபுறம் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி என்று அறிவியல் நம் வள்ளியூரை இருபக்கமும் அணைத்து நிற்கும்போது அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பழைய இரும்புக் கடையின் மூலையில், ஓட்டை வாளிக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே கிடக்கும் ஒரு தகரப் பெட்டி அது. கணிப்பொறியின் கூடு. கடைக்காரர்கள் ‘கேபினெட்’ என்பார்கள். அதைப் பல ஹார்டு டிஸ்க்குகளை அடக்கிய ஒரு வெளிப்புறச் சேமிப்புப் பெட்டியாக மாற்றுவது எப்படி, மாற்றும்போது என்னென்ன இயற்பியல் நம் கைக்கு வந்து சேருகிறது என்பதே இக்கட்டுரை.

இதற்கு என்ன தேவை வந்தது என்று கேட்கலாம். என் பெரியப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். ராதாபுரம், நாங்குநேரி வட்டாரங்களில் கொடை நடக்கும் கோயில்களில் நாற்பது ஆண்டுகள் வீசுகோல் பிடித்துப் பாடியவர். மூன்று ஆண்டுகளாக அவருக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை, பாடுவதை நிறுத்திவிட்டார். அவர் தம் ஆசானிடம் கேட்டுக் கற்ற கதைகள் எதுவும் ஏட்டில் இல்லை. பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதையை ஒவ்வோர் ஆசானும் ஒவ்வொரு விதமாகப் பாடுவார். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை அக்கதையைப் பதிப்பித்து அச்சேற்றினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இயங்கியது. எனினும் எங்கள் பெரியப்பாவின் பாடம் இருப்பது 140 கேசட்டுகளில் மட்டுமே. கொடைக்கு வந்த அன்பர்கள் பதிவு செய்து கொடுத்தவை அவை. பீடிச் சுற்றும் தட்டு, ரேஷன் அட்டை, நிலப் பத்திரம் இவற்றோடு ஒரே டிரங்குப் பெட்டியில் இருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அவற்றைக் காப்பாற்றும் வேலை யாரும் சொல்லாமலே என்னுடையதாயிற்று.

முதலில் கணக்கு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியைப் பதிந்தால் ஒரு நொடிக்கு 44,100 முறை அளவெடுக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பைட்டு. இடம் வலம் என இரண்டு தடங்கள். ஆக நொடிக்கு 1,76,400 பைட்டுகள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட். 140 கேசட்டுகளுக்கு 89 ஜிகாபைட். இதோடு கடைசி ஆண்டுகளில் உறவினர்கள் கைப்பேசியில் எடுத்த காணொலிகளும் உண்டு. அவை ஒலியைவிடப் பத்து மடங்கு இடம் கேட்பவை. அப்படி எடுத்த ஒரு கொடையின் பதிவு முழுவதும் ஒரு கைப்பேசி குளத்தில் விழுந்ததோடு போயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும், ‘போனில் இருக்கட்டும், பிறகு பார்ப்போம்’ என்று சொல்வதில்லை.

புதிய வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கிவிடலாமே எனலாம். வாங்கலாம்தான். பணம் இருப்பவர்கள் வாங்குவதே நல்லது. என்னிடம் இருந்தவை, அலுவலகங்கள் கழித்த மேசைக் கணிப்பொறிகளிலிருந்து நண்பர்கள் வழியாக வந்து சேர்ந்த நான்கு பழைய டிஸ்க்குகளும், எடைக்கு வாங்கிய ஒரு கேபினெட்டும், அக்காவுக்குப் பிளஸ் டூ படித்தபோது அரசு தந்த விலையில்லா மடிக்கணினியும் ஆகும். மடிக்கணினியின் திரை போய்விட்டது. அதன் உள்ளிருந்த டிஸ்க் நன்றாக இருந்தது. அக்கா பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். ‘நீயாவது இதை ஒழுங்காப் பயன்படுத்து’ என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

டிஸ்க்கின் உள்ளே

பெட்டியைத் தொடுவதற்கு முன்னர் அதில் குடியிருக்கப் போகிறவரைத் தெரிந்துகொள்வோம். காந்தத்தில் ஒலியைப் பதிய முடியும் என்று காட்டியவர் டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சென், ஆண்டு 1898. அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட்டில் அது நெகிழி நாடாவாக இருந்தது. ஹார்டு டிஸ்க்கிலோ சுழலும் தட்டாக இருக்கிறது. ஆகவே பெரியப்பாவின் கேசட்டும் என் டிஸ்க்கும் அண்ணன் தம்பிகளே.

முதல் ஹார்டு டிஸ்க்கை 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். பெரியப்பாவின் பாட்டில் அரை நிமிடம்கூட அதில் அடங்காது. இன்று 3.5 அங்குலத்தில் அதைப் போல் லட்சக்கணக்கான மடங்கு அடங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆல்பெர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 1988இல் தனித்தனியே கண்டறிந்த பெருங் காந்தமின்தடை விளைவு. மிக மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை, காந்தப்புலத்தால் பெருமளவு மாறும் என்பதே அது. படிக்கும் முனை நுட்பமாயிற்று; எழுதும் இடம் சிறுத்தது. 2007ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

மேசைக் கணிப்பொறியின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும். அதாவது நொடிக்கு 120. தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். சுற்றளவை 120ஆல் பெருக்கினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 36 மீட்டர், மணிக்கு 129 கிலோமீட்டர் என்று வருகிறது. நான்குவழிச் சாலையில் நாகர்கோவிலுக்குப் பறக்கும் கார்களையும் முந்திவிடும்! அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று எவ்வளவு புழுதியைச் சுமந்து வரும் என்பது காற்றாலைகளுக்கும் நம் அம்மாக்களுக்கும் தெரியும்.

மின்சாரம் போதுமா?

மடிக்கணினியில் வரும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும். அதை ஒரு சின்ன உறையில் போட்டு யு.எஸ்.பி. கம்பியில் செருகினால் வேலை முடிந்தது. அதற்காக ஒரு கேபினெட்டை அறுப்பது கொசுவுக்குப் பீரங்கி. 3.5 அங்குல டிஸ்க் அப்படியன்று. அதன் மின்னணுப் பகுதிக்கு 5 வோல்ட்டும், மோட்டாருக்கு 12 வோல்ட்டும் தேவை. சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். யு.எஸ்.பி. 2.0 துளை தரக்கூடியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், இரண்டரை வாட். 3.0 என்றாலும் 0.9 ஆம்பியர், நாலரை வாட். மாட்டு வண்டியில் யானையை ஏற்றுகிற கதைதான்.

பழைய கேபினெட் இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் பின்புற மூலையில் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி இருக்கிறது. மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு பூச்சியம். இரண்டு டிஸ்க் என்ன, நான்கு டிஸ்க்குக்கும் அது சளைக்காது. டிஸ்க் வைக்கும் தட்டுகள், திருகுத் துளைகள், காற்றாடி வைக்கும் இடம், முகப்பில் விளக்கு என்று எல்லாம் ஆயத்தமாக உள்ளன. இரும்புக் கடைக்காரருக்கு அது தகரம். நமக்கு அது கட்டி முடித்த வீடு.

ஆனால் ஒரு சிக்கல். தாய்ப்பலகையைக் கழற்றிவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.-ஐச் செருகினால் அது ஊமையாக இருக்கும். பழுதென்று தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுதன்று. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி, மின்வழங்கியை எழுப்பும் அதிகாரம் தாய்ப்பலகைக்கே உண்டு. 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பியில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு கம்பி இருக்கும். அதைப் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியோடு இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். விழித்துக்கொள்ளும். இணைப்பு இருக்கும்வரைதான் விழித்திருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். கேபினெட் முகப்பிலுள்ள பொத்தான் வீட்டு அழைப்பு மணியின் பொத்தானைப் போன்றது. விரலை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். அதைப் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் கோத்தால், விரலால் அழுத்திக்கொண்டே இருக்கும்வரைதான் டிஸ்க் சுழலும். ஆகவே விளக்குச் சுவிட்சைப் போலப் போட்டால் போட்டபடி நிற்கும் ஒரு சிறிய சுவிட்சு வேண்டும். சைக்கிள் விளக்குக்கு வைக்கும் சுவிட்சே போதும். அந்தக் கம்பியில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். முகப்பு விளக்கை அணைத்து வைக்க எனக்கு மனமில்லை. சிவப்புக் கம்பியிலிருந்து 330 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் இட்டு இணைத்தேன். விளக்கு 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட்டை 330ஆல் வகுக்க, 9 மில்லி ஆம்பியர். முதலாமாண்டுச் செய்முறை வகுப்பில் நாம் போட்ட அதே கணக்கு.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு, இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க, 325 வோல்ட். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் அந்த அழுத்தத்தில் ஏற்றம் பெற்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதை வைத்திருக்கும். நாம் செய்யும் வேலை எல்லாம் அதற்கு வெளியே வரும் கம்பிகளில்தான்.

மற்றொன்று நிலத்தொடர்பு. சிலர் வீட்டில் கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ‘லேசா ஷாக் அடிக்கும், ஒண்ணும் செய்யாது’ என்று சொல்லிவிடுவார்கள். அதன் காரணம் அழகானது. மின்வழங்கியின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு கம்பிகளிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவது முள் நிலத்தைத் தொடாவிட்டால், பெட்டி அந்த இரண்டு மின்தேக்கிகளின் நடுப்புள்ளியில், அதாவது 115 வோல்ட் அளவில், அந்தரத்தில் நிற்கும். ஓடும் மின்னோட்டம் சிறியதுதான். ஆனால் அதே பெட்டியை யு.எஸ்.பி. கம்பியால் இன்னொரு கணிப்பொறியோடு இணைக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் இணைப்புப் பலகை வழியாகத் தரையைத் தேடும். எனவே மூன்று முள் பிளக்கும் உண்மையான எர்த்தும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் பிளக் பாயின்டில் மூன்றாவது துளை இருந்தது. அதன் பின்னால் கம்பி இல்லை. எர்த் குழி தோண்டிக் கம்பி இழுத்த பிறகே வேலையைத் தொடங்கினேன்.

கட்டிய முறை

கேபினெட்டிலிருந்து தாய்ப்பலகையையும் மற்ற அட்டைகளையும் கழற்றி எடுத்தேன். அவற்றைக் குப்பையில் போடவில்லை. மின்கழிவு விதிகள் நம் நாட்டில் 2012 மே மாதம் முதலே நடைமுறையில் உள்ளன. புதுப்பிக்கப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. எரித்துச் செம்பு எடுக்கிறவர்களிடம் கொடுத்தால் ஈயமும் நச்சுப் புகையும் நம் குளத்துக்கே திரும்பி வரும்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் தனியாக ஓட்டி, இயற்பியல் ஆய்வகத்து மல்டிமீட்டரால் அளந்தேன். ஐந்து விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்பது விதி. 12 வோல்ட் என்றால் 11.4க்கும் 12.6க்கும் நடுவே, 5 வோல்ட் என்றால் 4.75க்கும் 5.25க்கும் நடுவே. பாரம் இல்லாமல் அளப்பது பாதிக் கணக்குத்தான்; காற்றாடியும், போனால் வருந்தத் தேவையில்லாத ஒரு டிஸ்க்கும் மாட்டிய பின் மீண்டும் அளக்க வேண்டும். முதலில் கிடைத்த எஸ்.எம்.பி.எஸ். பாரம் ஏறியதும் 12 வோல்ட்டில் 11.1 காட்டியது. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று தேடினேன். இந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும் அவசரக்காரர்களிடம் பத்து ஆண்டுப் புகைப்படங்களை ஒப்படைக்க எனக்குத் துணிவு வராது.

டிஸ்க்குகளையும் அவ்வாறே சோதித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியவை மூன்று. கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை, மாற்றுவதற்குக் காத்திருப்பவை எத்தனை, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? முதல் இரண்டும் பூச்சியமாக இருப்பதே நலம். ஓடிய நேரத்தை 8,760ஆல் வகுத்தால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். யு.எஸ்.பி. வழியாக இணைத்தால் சில இணைப்புப் பலகைகள் இந்தத் தகவலைக் கடத்துவதில்லை. ஆகவே ஒரு மேசைக் கணிப்பொறியில் நேரடியாக மாட்டிப் பார்ப்பதே மேல். நான்கில் இரண்டு 500 ஜிபி டிஸ்க்குகளும் ஒரு 160 ஜிபி டிஸ்க்கும் தேறின. நாற்பது முள் கொண்ட பழைய ஐ.டி.இ. வகை 80 ஜிபி டிஸ்க் தேறவில்லை. அதன் உள்ளிருந்த காந்தங்கள் இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவை மூடி வைத்திருக்கின்றன.

பழைய டிஸ்க்கில் முன்பு வைத்திருந்தவரின் கோப்புகள் இருக்கலாம். என்னிடம் வந்த ஒன்றில் யாரோ ஒருவருடைய குடும்பப் படங்கள் தலைகாட்டின. பிறர் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மேலே பார்க்காமல் டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதி அழித்தேன். விரைவு ஃபார்மட் செய்தால் பொருளடக்கம் மட்டுமே அழியும். புத்தகம் அப்படியே இருக்கும். முழுமையாக எழுதுவதற்கு, நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில், 500 ஜிபி டிஸ்க்குக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாம் நம் கணிப்பொறியை விற்கும்போதும் இதையே செய்ய வேண்டும்.

இணைப்புப் பலகைகளில் பல வகை உண்டு. நான் எடுத்தது, ஏழு முனை கொண்ட சாட்டா தகவல் கம்பியை மட்டும் யு.எஸ்.பி.யாக மாற்றும் வகை. டிஸ்க்குக்கு வேண்டிய இரண்டு மின்னழுத்தங்களும் நேராக எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து வந்துவிடும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு பலகை. மூன்றையும் தாய்ப்பலகை இருந்த தட்டில், அடியில் அட்டை வைத்து, உலோகத்தைத் தொடாதபடி திருகினேன். யு.எஸ்.பி. கம்பிகள் பின்புறத் துளை வழியே வெளியே வருகின்றன. அவை பழைய 2.0 வகை. வேகம் குறைவு என்பார்கள். 89 ஜிகாபைட்டை அனுப்ப ஐம்பது நிமிடம் ஆகிறது. நாற்பது ஆண்டுப் பாட்டுக்கு ஐம்பது நிமிடம் காத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெரிய டிஸ்க் வைக்க நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பழைய பலகைகளும் பழைய பிரிப்பு முறையும் டிஸ்க்கின் பகுதிகளை 32 இருமக் கூறுகளால் எண்ணுபவை. ஒரு பகுதிக்கு 512 பைட்டு என்றால், இரண்டின் 32ஆம் அடுக்கை 512ஆல் பெருக்க, 2.2 டெராபைட்டோடு எண்ணிக்கை முடிந்துவிடும். அதற்கு மேல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

எஸ்.எம்.பி.எஸ். மிகப் பழையதாயின் சாட்டா மின்முனை இருக்காது. நான்கு முள் இணைப்பியிலிருந்து மாற்றும் கம்பி வாங்க வேண்டும். அதில் முனைகளை நெகிழியில் ஒரே வார்ப்பாக ஊற்றியிருக்கும் மலிவு வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி, நாளடைவில் குறுக்குத் தொடர்பாகிக் கருகுவதுண்டு. தனித்தனி முள்ளாகப் பொருத்திய வகை சில ரூபாய் கூடுதல். அந்தச் சில ரூபாயில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டிஸ்க்குகளைப் பொருத்தும்போது இரண்டு டிஸ்க்குகளுக்கு நடுவே ஒரு தட்டைக் காலியாக விட்டேன். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையங்களைத் திருகுக்கு இடையில் வைத்ததில் உறுமல் அடங்கிற்று. முகப்பில் ஒரு காற்றாடி. காற்று முன்னால் நுழைந்து டிஸ்க்குகளைத் தடவிப் பின்னால் போகும். வெப்பம் பற்றிப் பலரும் மிகையாக அஞ்சுகிறார்கள். 2007இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு எண்ணியதைவிடக் குறைவு என்றும், மிக உயர்ந்த வெப்பத்தில்தான் அது தெளிவாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். எனினும் நம் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் காற்றாடி இல்லாமல் மூடிய பெட்டியில் ஓட்டுவது, அந்த மிக உயர்ந்த வெப்பத்தைத் தேடிப் போவதே. காற்றாடியை 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட்டில் இணைத்தால் மெல்லச் சுழலும். மூன்று டிஸ்க்குக்கு அது போதுமானதாக இருக்கிறது. நுழைவாயிலில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதை உதறினால் விழும் செம்மண்ணைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

பயன்படுத்தும் ஒழுங்கு எளியது. முதலில் பெட்டியின் சுவிட்சைப் போட்டு டிஸ்க் வேகம் பிடிக்க விட்டு, பிறகு யு.எஸ்.பி. செருக வேண்டும். முடிக்கும்போது கணிப்பொறியில் ‘பாதுகாப்பாக நீக்கு’ என்று கட்டளை தந்துவிட்டு, கம்பியை எடுத்து, அதன் பின்னரே சுவிட்சை அணைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்தடை வந்தால் கோப்பு சிதையும். ஆகவே இடி மின்னல் நாட்களில் நான் அதைத் தொடுவதே இல்லை. பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன்.

500 ஜிபி என்று எழுதியிருக்கும் டிஸ்க் கணிப்பொறியில் 465 என்று காட்டுவதைப் பார்த்து அக்கா, ‘மீதியை யாரு எடுத்தா?’ என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை. செய்கிறவர் ஆயிரத்தின் அடுக்குகளில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024இன் அடுக்குகளில் எண்ணுகிறது. பக்காப் படியால் அளந்த நெல்லைச் சின்னப் படியால் அளந்தால் எண்ணிக்கை மாறுவது போலத்தான்.

எத்தனை பிரதி?

மூன்று டிஸ்க்குகளையும் இணைத்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் வித்தைகள் உண்டு. வயதான டிஸ்க்குகளில் நான் அதைச் செய்யத் துணியவில்லை. ஒன்று படுத்தால் மூன்றும் படுக்கும். ஒரு 500 ஜிபி டிஸ்க்கில் மூலம். இன்னொன்றில் அதன் நகல். 160 ஜிபி, கேசட்டிலிருந்து ஏற்றும் வேலைக்கு.

ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு நகலும் ஒரே நகல்தான் என்பதையும் நாம் உணர வேண்டும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு, வேறெங்கும் நகல் இல்லாத ஏடுகளும் போயின. பின்னாளில், 2005இல், ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்க நூலகம் என்ற திட்டம் தோன்றியதன் பின்னால் அந்த நினைவும் இருந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை கடந்து வீடுகளுக்குள் வந்ததையும் நாம் எல்லோரும் கண்டோம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எங்கள் அத்தை வீட்டில் கல்யாண ஆல்பம் களிமண் கட்டியாகத்தான் மிஞ்சியது.

ஆகவே மூன்றாவது நகல் அக்காவின் மடிக்கணினி டிஸ்க்கில் இருக்கிறது. சின்ன உறையில் போட்டு, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, பணகுடியில் இருக்கும் சித்தி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து வந்து ஓட்டி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்கிறேன். ஓடாமலே கிடக்கும் டிஸ்க்கும் ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்க்கைப் போலத் தேய்ந்துதான் போகும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார்.

பெட்டி தயாரான அன்று பெரியப்பா வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘ஏலே, இந்தத் தகரத்துக்குள்ளயா எம் பாட்டு கெடக்கு?’ என்றார். ‘ஆமா பெரியப்பா. எல்லாம் இல்ல, நூத்தி ஒம்பது கேசட்டு’ என்றேன். முத்துப்பட்டன் கதையில் ஓரிடத்தைப் போடச் சொன்னார். போட்டேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, ‘குடம் அடிக்கது யாரு தெரியுமா? அவன் செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு’ என்றார். அந்தக் கோப்பின் பெயரோடு குடம் அடித்தவரின் பெயரையும் ஊரையும் கோயிலையும் அன்றே சேர்த்து எழுதினேன். அதுவரை ஒவ்வொரு கோப்புக்கும் வெறும் எண்தான் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்; எந்தக் கொடை, எந்த ஆண்டு, உடுக்கை யார், பின்பாட்டு யார் என்று. நாற்பது முடிந்திருக்கிறது.

இன்னும் 31 கேசட்டுகள் ஏற்றப்படவில்லை. நான்கில் நாடா பூஞ்சை பிடித்திருக்கிறது. அவற்றைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் கேசட் பிளேயரின் முனையும் கெடும். பெட்டியில் இரண்டு தட்டுகள் காலியாக உள்ளன. வீட்டில் இதுபோன்ற கேசட்டுகள் வைத்திருக்கும் மாணவ நண்பர்கள் ஒரு டிஸ்க்கோடு வந்தால் அவற்றில் மாட்டி ஏற்றிக்கொள்ளலாம்; ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.